பேரிடர் முன் ஒரு மாணவி: தன்னம்பிக்கையை அளப்பது எப்படி, எதற்கு?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளை எடுத்துக்கொள்வது மரபு. நான் ஒரு தாளை எடுத்துக்கொள்கிறேன். இடப்பக்கம் சில வாக்கியங்கள், வலப்பக்கம் ஐந்து கட்டங்கள். 'காயம்பட்டவர்களை வகைப்படுத்த என்னால் முடியும்', 'அதிர்ச்சியில் இருப்பவரிடம் பேச என்னால் முடியும்' என்ற மாதிரியான வாக்கியங்களுக்கு எதிரே, 'சிறிதும் இல்லை' முதல் 'முழுமையாக' வரை ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். செவிலிய மாணவர்களான உங்களில் பலர் இப்படி ஒன்றை நிரப்பியிருப்பீர்கள். எம்.எஸ்சி. படிக்கும் சீனியர் ஒருவர் மதிய இடைவேளையில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, 'கொஞ்சம் ஃபில் பண்ணிக் கொடுங்கப்பா' என்று கேட்டிருப்பார். பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத் தாள் யாருக்கு மதிப்பெண் போடுகிறது என்பதுதான் இன்றைய என் பேச்சு. மாணவிக்கு என்று எல்லோரும் நினைக்கிறோம். கல்லூரிக்கு என்று நான் நினைக்கிறேன். (மாணவி என்று சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் இருக்கும் தம்பிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.)

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. தமிழகத்தில் சுமார் 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். ஆறு மாதத்துக்குள் காவிரிப் படுகையின் மருத்துவமனைகள் இரண்டு முறை, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சந்தித்தன. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007-இல் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் மருத்துவ ஆயத்தத்துக்கென்று தனி வழிகாட்டுநெறிகள் வெளியிட்டது. பாடத்திட்டத்தில் அலகுகள் சேர்ந்தன. ஆக, உங்களுக்குப் பேரிடர் என்பது சட்டமும் அலகும் ஐந்து மதிப்பெண் வினாவுமாக வந்து சேர்ந்திருக்கிறது. படித்தவர் எல்லோரும் களத்தில் கை நீட்டுவார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடியவர்களில் முதன்மையானவர் ஓர் உளவியலாளர். அவர் தேடியது மருத்துவமனையில் அல்ல, பாம்புக் கூண்டின் அருகில்.

ஆல்பர்ட் பண்டூரா கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு சிற்றூரில் 1925-இல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றி 2021-இல் மறைந்தார். 1970-களில் அவரும் அவருடைய குழுவினரும் பாம்புக்கு மிதமிஞ்சி அஞ்சுகிறவர்களை அழைத்துச் சிகிச்சை தந்தார்கள். சிகிச்சைக்கு வைத்திருந்தது மலைப்பாம்பைப் போன்ற ஒரு போவா. ஒவ்வொருவரிடமும் செயல்களை ஏறுவரிசையில் சொல்லி, எதுவரை உன்னால் முடியும் என்று கேட்டார்கள். கூண்டருகே போக முடியுமா? கையுறையோடு தொட முடியுமா? வெறுங்கையால்? அறைக்குள் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பிடித்துக் கூண்டில் போட? கைகளை அசைக்காமல் மடியில் ஊர விட? பிறகு உண்மையிலேயே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். 'இதுவரை முடியும்' என்று சொன்ன படியும், செய்து காட்டிய படியும் பெருமளவு பொருந்தின. 1977-இல் அவர் எழுதிய கட்டுரை இந்த நம்பிக்கைக்கு ஒரு கோட்பாடு தந்தது. தமிழில் தன்திறன் நம்பிக்கை என்று வைத்துக்கொள்வோம். பொதுவான தைரியமோ சுயமதிப்போ அல்ல. இந்தச் சூழலில், இந்தச் செயலை என்னால் செய்து முடிக்க முடியும் என்ற கணிப்பு. மேடையில் நடுங்காமல் பாடும் பெண் ஊசி போடும்போது நடுங்கலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கணிப்பு.

இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் ஊறுகிறது என்றார் பண்டூரா: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்த்தது, நம்பத்தகுந்தவர் 'உன்னால் முடியும்' என்று சொன்னது, படபடப்பு வரும்போது தன் உடலை எப்படிப் படித்துக்கொள்கிறோம் என்பது. முதலாவது மிக வலிமையானது. இவற்றில் எதை நம் கல்லூரிகள் தருகின்றன, எதைக் கெடுக்கின்றன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2006-இல், இத்தகைய அளவுகோல்களை உருவாக்குவோருக்கு ஒரு வழிகாட்டியும் எழுதினார். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் கிடையாது என்று அதில் தெளிவாகச் சொன்னார். 'செய்வேன்' என்று கேட்காதே, 'செய்ய முடியும்' என்று கேள். செய்வேன் என்பது எண்ணம், முடியும் என்பது திறன் பற்றிய கணிப்பு. தடைகளைக் கூட்டிக்கொண்டே போய்க் கேள். தடையே இல்லாத செயலில் எல்லோருமே நூற்றுக்கு நூறு எழுதுவார்கள். ஐந்து கட்டத்தைவிட 0 முதல் 100 வரை எழுதச் சொல்வது நுட்பமாகப் பிரித்துக் காட்டும். இவ்வளவு எளிய அறிவுரையை நம் ஆய்வேடுகள் பின்பற்றுவது அரிது என்பதை ஒரு தேர்வாளராக இருந்து சொல்கிறேன்.

பேரிடர் செவிலியத்துக்கு வருவோம். 2008-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், வென்ச்சுவானில் நிலநடுக்கம். சுமார் 69,000 பேர் இறந்தார்கள். சுமார் 18,000 பேர் காணாமல் போனார்கள். அது நிகழ்ந்த நாள் மே 12. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உலகச் செவிலியர் தினம். காலையில் வாழ்த்துச் சொல்லிக்கொண்ட செவிலியர்களுக்குப் பிற்பகல் 2.28-க்கு நிலம் ஆடியது. அதன் பிறகு அந்த நாட்டில் பேரிடர் செவிலியக் கல்வியில் அக்கறை பெருகியது. 2017-இல் சீன ஆய்வாளர்கள், இளநிலைச் செவிலிய மாணவர்களுக்கென்றே ஒரு பேரிடர் எதிர்வினைத் தன்திறன் நம்பிக்கை அளவுகோலை வெளியிட்டார்கள். 19 கூற்றுகள், மூன்று பகுதிகள். களத்தில் மீட்புத் திறன் ஒன்று. பாதிக்கப்பட்டோருக்கு உளவியல் சார்ந்த பராமரிப்பு மற்றொன்று. பேரிடரில் தன் பங்கை ஏற்று அதற்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளுதல் மூன்றாவது. இந்த மூன்றாவது பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டுப் போடத் தெரிந்த ஒவ்வொருத்தியும், இரண்டு நாள் தூக்கமில்லாமல், முன்பின் தெரியாத குழுவில், யாரோ ஒருவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்யத் தெரிந்தவள் ஆகிவிட மாட்டாள். அதையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த அளவுகோலை இங்கே எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் தேடுவது குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணை. லீ குரோன்பாக் 1951-இல் தந்தது. 0.7-க்கு மேல் வந்துவிட்டால் ஆய்வு மாணவிக்கு நிம்மதி, கைடுக்கும் நிம்மதி. ஆல்ஃபா சொல்வது ஒன்றைத்தான்: இந்தக் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. முதல் கூற்றில் 4 போட்டவள் எட்டாவதிலும் 4 பக்கம் சாய்கிறாள். அவள் சாய்வது உண்மையின் பக்கமா என்பதை ஆல்ஃபா சொல்லாது. பல வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக வைத்திருப்பார்கள். அது தினமும் மாறாமல் அதே பத்து நிமிடம் தப்பாகக் காட்டும். அதன் ஆல்ஃபா மிக உயர்வு. வீட்டாருக்குக் கழிக்கத் தெரியும் என்பதால் பஸ் தவறுவதில்லை. நம் தாளில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று யாரும் கணக்கிட்டு வைக்கவில்லை.

கழிக்க வேண்டியது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க, தாள் நிரப்பப்படும் விதத்தைப் பாருங்கள். வகுப்பறையில், ஆசிரியர் முன்னிலையில். அதே ஆசிரியர்தான் இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவர். பெயர் எழுத வேண்டாம் என்கிறார்கள். ஆனால் தாளை வரிசை எண்படி அடுக்கி வாங்குகிறார்கள். மேடத்தைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம். தன் பேட்சைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற தோழமை இன்னொரு பக்கம். எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நடுக்கட்டத்தில் மூன்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. அந்தச் சூழலுக்கு அதுதான் அறிவார்ந்த விடை. பிறகு முன்தேர்வு, 45 நிமிட வகுப்பு, ஏழாம் நாள் பின்தேர்வு. சராசரி ஏறியிருக்கிறது, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே, கற்பித்தல் திட்டம் பயனுள்ளது என்ற முடிவு. இந்த வடிவத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளை நம் நூலகங்களில் அலமாரி அலமாரியாகப் பார்க்கலாம். ஏறியது நம்பிக்கையா, எதிர்பார்க்கப்படும் விடை எது என்ற புரிதலா? ஏழாம் நாளில் அது தெரியாது.

தன்னைத்தானே மதிப்பிடுவதில் மாணவர்கள் மட்டும்தான் தடுமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2006-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பீட்டையும், வெளியிலிருந்து அளந்த மதிப்பீட்டையும் ஒப்பிட்ட 17 ஆய்வுகள். மொத்தம் 20 ஒப்பீடுகள். அவற்றில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லை, அல்லது தலைகீழ். திறன் மிகக் குறைந்தவர்களும் நம்பிக்கை மிக அதிகமாக இருந்தவர்களுமே தங்களைப் பெரிதும் தவறாகக் கணித்தார்கள். பாம்புக் கூண்டருகே அவ்வளவு பொருந்திய கணிப்பு மருத்துவமனையில் ஏன் இப்படிச் சிதறுகிறது? என் புரிதல் இது: பண்டூராவின் ஆட்களுக்குக் கேள்வி கண்முன் இருந்தது. இன்ன பாம்பு, இன்ன கூண்டு, இன்ன தொடுகை. நாம் 'பேரிடரைச் சமாளிக்க முடியுமா' என்று காற்றைப் பார்த்துக் கேட்கிறோம்.

கண்முன் வைத்துக் கேட்பது எப்படி என்பதற்கு, காயம்பட்டவர்களை வகைப்படுத்தும் டிரையாஜை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படிக்கும் 'ஸ்டார்ட்' முறை 1983-இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில், ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கியது. நடக்க முடிந்தவர்களை முதலில் ஒதுக்கு, அவர்களுக்குப் பச்சை அட்டை. மூச்சு இல்லையென்றால் மூச்சுப்பாதையைத் திற. அப்போதும் இல்லையென்றால் கறுப்பு, திறந்ததும் வந்துவிட்டால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லையென்றாலோ, அழுத்தி விட்ட நகத்தில் இரண்டு விநாடி கடந்தும் சிவப்பு திரும்பவில்லையென்றாலோ, அதுவும் சிவப்பு அட்டை. சொன்னதைச் செய்யத் தெரியவில்லையென்றாலும் சிவப்பு. மற்றவர் மஞ்சள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தேர்வில் இதை எழுதாத மாணவி இல்லை.

ஆனால் அந்தக் கறுப்பு அட்டையைப் பாருங்கள். முதலாமாண்டிலிருந்தே நாம் உங்களுக்கு வேறொன்றைக் கற்பித்திருக்கிறோம். மூச்சு நின்றால் ஓடு, குரல் கொடு, நெஞ்சில் கை வை, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம், உதவி வரும்வரை நிறுத்தாதே. பேரிடரில் அதே நாங்கள், அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போ என்கிறோம். விதி தெரியாமல் யாரும் அங்கே நிற்பதில்லை. கை போகாமல் நிற்கிறார்கள். இந்த இடத்தில் மாணவியின் நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டால் உண்மையான எண் வரும். குழந்தை என்றால் விதியே கொஞ்சம் இளகுகிறது: சிறுவர்களுக்கான 'ஜம்ப்ஸ்டார்ட்' முறையில், மூச்சில்லாமல் நாடி மட்டும் இருக்கும் குழந்தைக்கு ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஐந்தாவதற்குப் பிறகும் வரவில்லையென்றால்? அந்தக் கேள்வியைத் தாளில் தனி வரியாகப் போட வேண்டும்.

அதனால் நம் ஊருக்கு ஒரு தாளை எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். பலர் இரண்டு நாள்வரை அங்கேயே இருந்தார்கள். ஒரு கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அந்த ரயிலில் விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும் மூன்றாமாண்டு நர்சிங் மாணவி ஒருத்தி இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் கற்பனை. ஆனால் நம் மாநிலத்தில் இவ்வளவு நர்சிங் கல்லூரிகள் இருக்கையில் நடக்கவே முடியாத கற்பனை அல்ல. இப்போது கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மனதுக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டியில் யாருக்கு மாத்திரை நின்றுபோனால் ஆபத்து என்று விசாரித்து ஒரு பட்டியல் போட முடியுமா? சர்க்கரை, வலிப்பு, இதயம், டயாலிசிஸ். முடியும் என்பீர்கள். நீங்கள் நர்சிங் மாணவி என்று முன்பின் தெரியாத பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டு அதைச் செய்ய முடியுமா? எண் கொஞ்சம் இறங்கும். அந்தப் பட்டியலைக் கொண்டுபோய் ஸ்டேஷன் மாஸ்டரிடம், முதலில் இந்த நான்கு பேரை அனுப்ப வேண்டும் என்று சொல்ல முடியுமா? ஒருவர் உங்களை மடக்கி, 'நீ என்ன டாக்டரா?' என்று கேட்ட பிறகும் சொல்ல முடியுமா? செல்போன் வெளிச்சத்தில் ஒரு பிரசவ வலியைக் கணித்து, இது பொய்வலி, காத்திருக்கலாம் என்று முடிவெடுக்க முடியுமா? இரண்டாம் இரவும் அதே பொறுமையோடு? எந்த வரியில் உங்கள் எண் சட்டென்று சரிந்ததோ, அந்த வரிதான் எனக்கு வேண்டும். 19 கூற்றுகளின் கூட்டுத்தொகையில் அந்த வரி கரைந்து காணாமல் போய்விடும். கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் நாளைக் காலை வகுப்பில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சரிந்த வரியை வைத்துக்கொண்டு செய்யலாம்.

இன்னொரு சிக்கல், நல்ல பயிற்சி தருகிற கல்லூரிகளுக்கே வருவது. மாக் டிரில் நடத்துகிறோம். சிவப்பு மை, கூச்சல், புகை, ஆம்புலன்ஸ். முன்பு 4 போட்டிருந்த மாணவி டிரில் முடிந்ததும் 3 போடுகிறாள். அறிக்கை எழுதும்போது நமக்கு முகம் வாடுகிறது. அவளோ தனக்கு என்ன தெரியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அவள் மனதில் இருந்த அளவுகோலே நீண்டுவிட்டது. பழைய நான்கும் புதிய மூன்றும் ஒரே கோலில் அளந்தவை அல்ல. 1970-களின் இறுதியில் ஜார்ஜ் ஹவர்ட் போன்ற ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டி, பயிற்சி முடிந்த பிறகு, 'பயிற்சிக்கு முன் உண்மையில் எந்த நிலையில் இருந்தாய் என்று இப்போது நினைக்கிறாய்?' என்று கூடுதலாக ஒரு முறை கேட்கச் சொன்னார்கள். செலவில்லாத திருத்தம். ஒரு வரி கூடும், அவ்வளவே. எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. நெஞ்சழுத்தச் சிகிச்சையின் கைத்திறன் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் தேய ஆரம்பிப்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட ஒன்று. சான்றிதழ் வாங்கியபோது வந்த நம்பிக்கை அதே வேகத்தில் தேய்வதில்லை. ஆறாம் மாதத்தில் தாளில் 5, பொம்மையின் நெஞ்சில் மூன்று சென்டிமீட்டர். ஏழாம் நாள் பின்தேர்வில் இந்த மாணவியை நாம் சந்திக்கவே மாட்டோம்.

நம்பிக்கை அதிகம், திறன் குறைவு என்பவளைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சரிதான், அவள் ஆபத்தானவள். ஆனால் நம் கல்லூரிகளில் நான் அதிகம் பார்ப்பது அவளுக்கு நேர் எதிரானவளை. கை நன்றாகப் பேசும். கேட்டால், 'தெரியல மேடம்' என்பாள். ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு நிலையத்திலும் சரியாகச் செய்துவிட்டு, வெளியே வந்து அழுவாள். இவளை உருவாக்கியதில் நமக்குப் பங்கு உண்டு. வார்டில் முதல் நாளிலிருந்து அவள் கேட்டது, 'சொல்லாம கை வைக்காதே', 'சிஸ்டர்கிட்ட கேட்டியா?', 'யார் உன்னைப் பண்ணச் சொன்னது?' நோயாளி முன்னிலையிலேயே திட்டு வாங்கியிருக்கிறாள். நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு முழுக்க உத்தரவுக்குக் காத்திருக்கப் பழக்கிவிட்டு, நான்காம் ஆண்டில் ஒரு தாளைக் கொடுத்து, 'உடனடி முடிவெடுக்க என்னால் முடியும்' என்ற வரிக்கு எதிரே டிக் போடச் சொல்வது கொஞ்சம் கூச்சமில்லாத வேலை. அவள் 2 போட்டால் அந்த 2 அவளுடையதா, நம்முடையதா? பண்டூரா சொன்ன மூன்றாவது ஊற்று, நம்பத்தகுந்தவரின் சொல். ஊக்கச் சொல் கட்டியெழுப்புவதைவிட, இழிவுச் சொல் வேகமாக இடித்துவிடும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை, தானே செய்து முடித்தது என்ற முதல் ஊற்றுதான். தவறினால் யாருக்கும் கேடு வராத சிறு முடிவுகளை இரண்டாம் ஆண்டிலிருந்தே மாணவி கையில் விட வேண்டும். கேஷுவாலிட்டி போஸ்டிங்கில், வருகிறவரை டாக்டர் பார்ப்பதற்கு முன், 'இவருக்கு என்ன நிறம் கொடுப்பாய், ஏன்?' என்று கேட்டுவிட்டுப் பிறகு சரியா என்று பார்க்கலாம். நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கோ ஒரு மாதத்தில் நூறு முடிவுகள் கைவசம் இருக்கும். தன் முடிவு பெரும்பாலும் சரி என்று அவளே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்வது, 'தன்னம்பிக்கை வளர்ப்போம்' என்று நாம் நடத்தும் கருத்தரங்குகளைவிட நெடுநாள் நிற்கும்.

இரண்டாவது ஊற்று, தன்னைப் போன்றவர் செய்ததைப் பார்ப்பது. இங்கே நாம் கைவிட்டுக்கொண்டிருக்கும் செல்வம் ஒன்று இருக்கிறது. 2004-இல் நாகையிலும் கடலூரிலும் குளச்சலிலும் முப்பது வயதில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. இன்னும் சில ஆண்டுகளில் அவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுவார்கள். அன்று என்ன செய்தார்கள், எதில் திணறினார்கள், படுக்கை போதாதபோது எதைப் படுக்கையாக்கினார்கள், பெயர் தெரியாத குழந்தையை எப்படி அடையாளம் குறித்து வைத்தார்கள் என்பதையெல்லாம் ஒவ்வொரு கல்லூரியும் தன் மாவட்டத்தில் போய்க் கேட்டுப் பதிவு செய்யலாம். ஜெனீவாவிலிருந்து வரும் உலகச் செவிலியர் மன்றத்தின் பேரிடர்த் திறன் சட்டகம், 2019-இல் திருத்தியது, எட்டுத் துறைகளாக அழகாகப் பகுத்துத் தந்திருக்கிறது; அதைப் படியுங்கள். ஆனால் வேதாரண்யத்தில் 2018-இல் கஜா புயல் கரையேறிய இரவில் டியூட்டியில் இருந்த ஒரு சிஸ்டர் உங்கள் வகுப்பில் அரை மணி நேரம் பேசினால், 'இவரும் நம்ம ஊர்தான், நம்மைப் போலத்தான் பயந்திருக்கிறார்' என்று மாணவிக்குத் தோன்றும். எந்தச் சட்டகமும் அதைத் தராது.

கடைசியாக ஒரு வேறுபாடு. முடியும் என்கிற ஒவ்வொருத்தியும் வருவாளா? நியூயார்க் வட்டாரத்தில் 47 மருத்துவ நிறுவனங்களின் 6,428 ஊழியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. பேரிடர் வகை ஒவ்வொன்றையும் சொல்லி, பணிக்கு வர இயலுமா, வர விருப்பமா என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும் பனிப்புயலில் வர விருப்பம் 80 விழுக்காட்டினருக்கு. இயலும் என்றவர் 49 மட்டுமே. சாலை இருக்காது. சார்ஸ் பரவினால் வர இயலும் என்றவர் 64 விழுக்காடு; விருப்பம் என்றவர் 48. தடுத்தவை பயமும், குடும்பத்தைப் பற்றிய கவலையும். இயலாமைக்கு அவர்கள் சொன்ன காரணங்களில் போக்குவரத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், வீட்டு முதியவர், வளர்ப்புப் பிராணிகூட இருந்தது. இவற்றில் எதையும் ஒரு செவிலியின் மன உறுதிக் குறைவு என்று நான் எழுத மாட்டேன்.

கோழிக்கோட்டில் 2018-இல் நிபா பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலி லினி புதுசேரி, நோயாளியைப் பராமரித்ததில் தொற்றுக்கு ஆளாகி மே 21 அன்று இறந்தார். அவரைத் தியாகி என்று போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அதே மூச்சில், அந்த வார்டில் அன்று என்ன பாதுகாப்பு இருந்தது என்றும் மாணவர்களோடு பேச வேண்டும். வந்திருப்பது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத காய்ச்சலுக்கு என்னென்ன அணிந்துகொண்டு போக வேண்டும் என்ற வழக்கம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறதா, இல்லையா என்பது செவிலியின் தன்னம்பிக்கைத் தாளில் வராத கேள்வி. நிறுவனத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் கேட்டால் வரும். 'வெள்ளம் வந்தால் என்னை அழைத்துவர வண்டி வரும் என்று நம்புகிறேன்.' 'எனக்குக் கவச உடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.' 'என் முடிவு தவறானால் என் மேலதிகாரி என்னோடு நிற்பார் என்று நம்புகிறேன்.' குழுவாகச் சேர்ந்து முடியும் என்ற நம்பிக்கையைப் பண்டூரா தனியாகவே பிரித்துப் பேசியிருக்கிறார். நம் தாள்களில் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆகவே, இந்தக் கல்லூரியில் அளக்கப்போகிறீர்கள் என்றால் சில ஏற்பாடுகளை வேண்டிக் கேட்கிறேன். தாளை வாங்குகிறவர் இன்டர்னல் போடுகிறவராக இருக்கக் கூடாது; வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து வாங்கட்டும். பெயருக்குப் பதில் மாணவியே வைத்துக்கொண்ட ஒரு குறியீடு இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் இணையாக ஒரு செய்முறை இருக்கட்டும்: அட்டை கட்டுவது பற்றிக் கேட்டால் அட்டை கட்டச் சொல்லிப் பாருங்கள், எண்ணையும் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளுக்கே காட்டுங்கள். ஆறாம் மாதம் மறுபடி. எந்த வரியில் வகுப்பே சரிந்திருக்கிறதோ அதை அடுத்த பருவத்தின் பயிற்சி அட்டவணையில் முதல் வாரத்தில் போடுங்கள். போட்டீர்களா என்று மாணவர்கள் கேட்கலாம் என்றும் அறிவித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. முதல் சுற்றில் இந்தத் தாளை ஆசிரியர்களாகிய நாம் நிரப்புவோம். டிரையாஜ் நடத்துகிற நம்மில் எத்தனை பேர் ஒரு கூட்டத்துக்கு நடுவே அட்டை கட்டியிருக்கிறோம்? 'நீ என்ன டாக்டரா?' என்ற கேள்விக்குப் பிறகும் பேச்சைத் தொடர முடியும் என்பதற்கு நான் எவ்வளவு எழுதுவேன் என்று யோசித்தேன். எழுபது. அந்த எண்ணை உங்கள் முன்னால் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாக முதல்வர் அம்மா சொன்னார்கள்; மூன்றாமாண்டு வரிசையிலிருந்து தொடங்கலாம்.